ரிவால்வர் பாகம் வந்தால் வைஸில் மாட்டாதீர்கள்: சேலத்து லேத் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பட்டறைத் தம்பிகளே, அண்ணன்மார்களே,

வணக்கம். முப்பத்தெட்டு வருஷம் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஐந்து ரோட்டுப் பக்கம் அக்கா மகன் நடத்தும் லேத் பட்டறையில் பகல் பொழுதைக் கழிக்கிறேன். சேகோ ஃபேக்டரி ஷாஃப்ட், விசைத்தறிப் பல்சக்கரம், போர்வெல் பம்பு புஷ், லாரி கிங் பின் என்று உங்களுக்கு வருகிற அதே ஜாப்தான் அங்கேயும் வரும்.

கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய வாரம் அது. ஏற்காட்டிலிருந்து காபித் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும், மரியாதையான மனிதர். மேஜை மேல் ஒரு துண்டை விரித்து, அதில் பழைய இங்கிலாந்து ரிவால்வர் ஒன்றை வைத்தார். பக்கத்திலேயே தனியாக ஒரு சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் உட்காரும் ஆறு அறை கொண்ட சுழல் உருளை. துப்பாக்கி அவருடைய தாத்தா காலத்தது. உரிமப் புத்தகமும் கையில் இருந்தது. பழைய சிலிண்டரில் விரிசல் விட்டுவிட்டதாம். சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் உபயோகமில்லாமல் கிடந்த இன்னொரு ரிவால்வரிலிருந்து இதைக் கழற்றி வந்திருக்கிறார்.

“ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலுங்க. உள்ள போகுது, ஆனா கொஞ்சம் புடிக்குது. லேசா அரம் போட்டு உட்கார வச்சுக் குடுத்தீங்கன்னா போதும்” என்றார்.

அக்கா மகனான மாப்பிள்ளைக்கு இருபத்தாறு வயது. நல்ல கை. அவன் அதற்குள் எமரி தாளை எடுத்துவிட்டான். “கையை எடு கண்ணு” என்றேன். அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நான் அந்தத் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆறு அறையும் காலியாக இருப்பதை அவரையே காட்டச் சொன்னேன். அப்புறம் புது சிலிண்டரைப் போட்டு, ட்யூப் லைட்டுக்குக் குறுக்காகப் பிடித்து மெதுவாகச் சுழற்றச் சொன்னேன். சிலிண்டரின் முகத்துக்கும், குண்டு வெளியேறும் குழலான பேரலின் பின்முனைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். நல்ல ரிவால்வரில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குக்குள் நிற்கும். ஃபீலர் கேஜ் பிடித்துப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு சன்னம் என்று தெரியும். இவருடையதில் முதல் அறை வந்தபோது நூலிழை போல வெளிச்சம். அடுத்த அறைக்கு வெளிச்சமே இல்லை, உரசியது. மூன்றாவதில் ஒரு பிளேடே நுழையும் போல அகலம். ஒரே சிலிண்டர், ஒரே பேரல்! முகம் சதுரமாக இல்லையா, நடு அச்சு தேய்ந்ததா, இரண்டும் சேர்ந்தா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியவில்லை.

கண்ணுக்குத் தெரிந்த கோளாறு அவ்வளவுதான். தெரியாததுதான் பெரியது. டிரிகரை இழுத்தால் உள்ளே ஒரு கொக்கி சிலிண்டரை ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 டிகிரி தள்ளும். இன்னொரு நாக்கு கீழிருந்து எழுந்து வந்து பள்ளத்தில் விழுந்து பூட்டும். பூட்டிய அந்தக் கணத்தில் அறையின் துளையும் பேரலின் துளையும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நாம் ஒரு ஷாஃப்டுக்கு ஒரு புஷ் போட்டால் ஒரு ஃபிட். ரிவால்வரில் ஒரே பேரலுக்கு ஆறு ஃபிட். ஐந்து சரியாக அமைந்து ஆறாவது தவறினால், அந்த ஆறாவதுதான் கையைக் கிழிக்கும். நேர் தவறிய அறையிலிருந்து வரும் குண்டு பேரலின் ஓரத்தில் மோதும், ஈயம் சீவி அந்தச் சந்து வழியாகப் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவன் கண்ணுக்கு அது போதும்.

அழுத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் கான்பூரில் செய்கிற .32 ரிவால்வருக்கான தோட்டா, கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் சாதுவான ரகம். அதற்கே உச்ச அளவு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. லாரி டயருக்கு நாம் அடிப்பது நூற்றுச் சொச்சம். .357 மேக்னம் என்ற தோட்டாவுக்கு 35,000. இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரைப் பாருங்கள், வளையல் கனம்கூட இருக்காது. அந்தச் சுவர்தான் இவ்வளவையும் தாங்குகிறது. விரிசல் விட்ட பழைய சிலிண்டர் அவருக்குச் சொன்ன சேதியும் அதுதான்.

“ஒரே கம்பெனி, ஒரே மாடல்” என்ற பேச்சுக்கு வருகிறேன். ஒரே ஃபேக்டரியில் செய்த இரண்டு பாகம் ஒன்றுக்கொன்று மாறும் என்று இன்றைக்கு நாம் நம்புகிறோம். பேரிங் நம்பரைச் சொன்னால் செவ்வாய்பேட்டையில் வாங்கிய பேரிங் அப்படியே உட்காருகிறது. இந்த எண்ணமே துப்பாக்கித் தொழிலில் வளர்ந்ததுதான். 1785இல் பாரிஸில் ஹானரே பிளான் என்பவர் துப்பாக்கி விசைப் பாகங்களைக் குவியலிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துப் பூட்டிக் காட்டினார். அதைப் பார்த்து வியந்து, அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் ஊருக்குக் கடிதம் எழுதினார். 1801இல் அமெரிக்காவில் எலி விட்னி என்பவர் இதே வித்தையைத் தலைவர்கள் முன்னால் செய்தார். பிற்காலத்தில் அவர் துப்பாக்கிகளை ஆராய்ந்தவர்கள், பாகங்கள் உண்மையில் மாறவில்லை என்று கண்டார்கள். நிஜமாகவே மாறும்படி செய்து முடித்தது ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரின் அமெரிக்க அரசு ஆயுதத் தொழிற்சாலையில் ஜான் ஹால் என்பவர், 1820களில்.

அதற்குப் பிறகும் ரிவால்வர் அடங்கவில்லை. கடைசி ஃபிட்டிங் ஃபிட்டரின் அரத்தில்தான் நடந்தது. அதனால்தான் பழைய ரிவால்வரில் ஃபிரேமில், அதாவது துப்பாக்கியின் உடம்பில், இருக்கும் நம்பரையே சிலிண்டரிலும் வெட்டியிருப்பார்கள். இந்த உடம்புக்கு இந்த உறுப்பு என்று அந்தக் காலத்து ஃபிட்டர் எழுதிவைத்த சீட்டு அது. அன்றைக்கு எங்கள் மேஜையில் கிடந்த இரண்டுக்கும் எண் வேறு வேறு.

இப்படிக் கலந்து கட்டுவதே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மாப்பிள்ளையும் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு அதைத்தான் கேட்டான். அமெரிக்காவில் குறி சுடும் போட்டிக்காரர்கள், ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி ரிவால்வரின் உடம்பில், கோல்ட் என்ற கம்பெனியின் பைத்தான் மாடல் பேரலை ஏற்றிய ரிவால்வருக்கு ஆசைப்பட்டார்கள். 1955இல் வந்த பைத்தானின் பேரல் கனமானது, குறி நிற்கும். ஸ்மித் அண்ட் வெஸனின் டிரிகர் அவர்கள் விரலுக்குப் பிடித்தது. இரண்டையும் சேர்த்ததற்கு ‘ஸ்மைத்தான்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு கம்பெனிக்கும் ஒன்றுமே ஒத்துப்போகாது. கோல்ட் சிலிண்டர் கடிகார முள் போலச் சுற்றும், ஸ்மித் அண்ட் வெஸன் எதிர்ப்பக்கம் சுற்றும். பேரலுக்குள் இருக்கும் சுருள் வெட்டும் ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். அதைக் கட்டியவர்கள் அதையே வாழ்க்கையாகக் கொண்ட கன்ஸ்மித்துகள், அதாவது துப்பாக்கி வேலைக்காரர்கள். கையில் உரிமம், அளவுக்கென்றே செய்த கேஜ்கள், சுட்டுப் பார்க்க இடம், தப்பினால் தூக்கிப் போட்டு மறுபடி ஆரம்பிக்க இன்னொரு பேரல், எல்லாம் வைத்துக்கொண்டு செய்தார்கள். வீடியோவில் பத்து நிமிஷம் ஓடுவது அவர்கள் முப்பது வருஷம் கற்றது. அந்த வேலையின் அழகு எனக்குப் புரிகிறது. நானும் ஃபிட்டர்தான். இரண்டு அந்நியப் பாகம் ஒன்றோடொன்று ‘சுக்’கென்று உட்காரும்போது வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வராது. அந்த ஆசைதான் நம்மை இதில் இழுக்கும், அதனால்தான் பயப்படுகிறேன்.

இங்கிலாந்தில் இன்றைக்கும் துப்பாக்கியில் பெரிய வேலை செய்தால், துப்பாக்கியைச் சோதித்து முத்திரை குத்தும் ப்ரூஃப் ஹவுசுக்கு அனுப்ப வேண்டும். லண்டனில் 1637 முதலும் பர்மிங்ஹாமில் 1813 முதலும் இந்த வழக்கம் நடக்கிறது. சாதாரணத் தோட்டாவைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவை, ஆள் விலகி நின்று சுடுவார்கள். தாங்கினால்தான் முத்திரை. நம் பட்டறையில் அரம் போட்டுக் கொடுத்த சிலிண்டருக்கு முதல் சோதனை அந்த ஏற்காட்டுக்காரரின் கைதான்.

தோட்டாவின் பெயரும் ஏமாற்றும். .38 என்ற எண்ணில் இரண்டு ரகம் உண்டு. பழைய இங்கிலாந்து ரிவால்வருக்கானது குட்டை, கொஞ்சம் தடிமன். .38 ஸ்பெஷல் நீளம், சன்னம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பழையவற்றின் அறையை நீளமாகக் குடைந்து ஸ்பெஷல் போடும்படி மாற்றி விற்றார்கள். சுட்டால் பித்தளைக் கூடு உப்பும், சில நேரம் பிளக்கும். “உள்ள போகுது” என்பது ஒன்றுக்கும் உத்தரவாதம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, சட்டம். இதைக் கவனமாகப் படியுங்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில், ஆயுதம் என்றால் முழுத் துப்பாக்கி மட்டும் இல்லை. அதன் பாகமும் ஆயுதம். அதைச் செய்யும் இயந்திரமும் அந்த வரையறைக்குள் வருகிறது. அந்தத் தனி சிலிண்டர் ஓர் ஆயுதம்தான். பிரிவு 5, தயாரிப்பது, விற்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் தனி உரிமம் கேட்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவரின் உரிமம் நமக்கு உதவாது. அவர் வைத்திருக்கலாம், நாம் பழுது பார்க்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 25இன்படி இதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். நூற்றைம்பது ரூபாய் கூலிக்கு!

எனக்குத் தெரிந்த ஒருவர், பெயரும் ஊரும் வேண்டாம், இப்படி மாட்டினார். மலைக்காரர் ஒருவர் பன்றி விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு சின்ன திருகாணி கடைந்து கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அந்தத் துப்பாக்கி வேறொரு வழக்கில் சிக்கியது. “யார் கடைஞ்சது?” என்று கேட்டு வந்து நின்றார்கள். லேத்துக்கு சீல் வைத்தார்கள். அவர் மகளுக்கு அந்த வருஷம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாய்தாவுக்குப் போகிற நாளெல்லாம் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கொலைக்குற்றவாளி போலத் தலை குனிந்து நடப்பார். பார்க்க முடியாது.

மலை மக்களின் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. சேர்வராயன் மலையில் காட்டெருமையும் பன்றியும் ஒரே ராத்திரியில் ஒரு வருஷ உழைப்பைத் தின்றுவிட்டுப் போகும். அதற்கு வனத்துறையிடம் சண்டை போட்டுக் கேட்க வேண்டும், அந்தச் சண்டையில் நாமும் கூட நிற்கலாம். லேத்தில் அதற்குத் தீர்வு கிடையாது.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். ரேட் எழுதிய போர்டுக்குக் கீழே “துப்பாக்கி, அதன் பாகம் எந்த வேலையும் செய்வதில்லை” என்று ஒரு வரி எழுதி வையுங்கள். தெரிந்தவர் வந்தாலும், மாமன் மச்சான் வந்தாலும் போர்டைக் காட்டிவிடலாம், முகம் சுளிக்க வேண்டியதில்லை. மேஜையில் வைக்கவே விடாதீர்கள். எதற்கென்று சொல்லாமல் ஒரு குழாயையோ ஸ்பிரிங்கையோ கொண்டுவந்து அளவு மட்டும் சொன்னால், எந்த மெஷினுக்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஜாப்பைத் திருப்பிக் கொடுங்கள். பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்களிடம் இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள், அவர்கள் கைதான் முதலில் நீளும்.

உரிமம் கொடுக்கும் அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உரிமம் புதுப்பிக்க வருபவர் கையில், பழுது பார்க்க உரிமம் பெற்றவர்கள் யார், எங்கே என்று ஒரு தாள் கொடுங்கள். அந்தத் தோட்டக்காரர் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. எங்கே போவதென்று தெரியாமல்தான் எங்களிடம் வந்தார்.

அன்றைக்கு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்கே கொண்டு போகச் சொன்னேன். அந்தத் தனி சிலிண்டருக்கு எந்த உரிமத்தில் கணக்கு இருக்கிறதென்று முதலில் கேட்டு ஒப்படைக்கவும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “தாத்தா இதை ஒரு தடவைகூடச் சுட்டதில்லைங்க” என்றார். துண்டை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று வாரம் கழித்து, தோட்டத்து ஆரஞ்சு ஒரு பையோடு மறுபடி வந்தார். கடைக்காரர் பார்த்துவிட்டு, ஃபிரேமே ஒரு பக்கம் வளைந்திருக்கிறது, எந்த சிலிண்டர் போட்டாலும் சுடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

மாப்பிள்ளை அந்த எமரி தாளை எடுத்து, பம்பு ஷாஃப்டைத் தேய்க்க ஆரம்பித்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல் ரூம் ஃபிட்டர் ஒருவர்,
சேலம்.