முகத்தல் வேறு, நிறுத்தல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கேக் செய்முறையின் அடியில் "ஒரு கப் என்பது 250 கிராம்" என்று அச்சிட்டிருந்ததை நம்பி, அதில் கேட்டிருந்த இரண்டு கப் மைதாவுக்கு 500 கிராம் நிறுத்துப் போட்டேன். ஓவனிலிருந்து வெளியே வந்ததைக் கத்தியால் வெட்ட முடியவில்லை. போட வேண்டியிருந்தது ஏறத்தாழ 260 கிராம் மட்டுமே என்பது பிறகுதான் தெரிந்தது.

250 மில்லி கொள்ளும் கப்பில் 250 கிராம் நிற்பது தண்ணீர். அதே கப்பில் எண்ணெய் 230 கிராம், சர்க்கரை 210 கிராம், மைதா 130 கிராம் அளவில்தான் இருக்கும். தேனோ 350 கிராமைத் தொட்டுவிடும். முகத்தலளவையை நிறுத்தலளவையாக மாற்றும்போது பொருளுக்குப் பொருள் அடர்த்தி வேறுபடுவதால், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொண்டு பெருக்கிவிட முடியாது.

மாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சந்தேகம் தீர, கப்பைத் தராசில் வைத்து மூன்று முறை நிரப்பிப் பார்த்தேன். சலித்த மாவைத் தூவி நிரப்பியபோது 118 கிராம். கரண்டியால் அள்ளிப் போட்டு மேலே வழித்தபோது 132. கப்பையே மாவு டப்பாவுக்குள் அமுக்கி எடுத்தபோது 157. கப்பும் மாவும் ஒன்றுதான், எடுத்த கையும் ஒன்றுதான். துகள்களுக்கிடையே காற்று எவ்வளவு தங்குகிறது என்பதுதான் மாறியது. ஆகவே "ஒரு கப் மாவு" என்று எழுதுபவர் எப்படி நிரப்பினார் என்பதைச் சொல்லாதவரை, அது முழுமையான அளவே ஆகாது.

அந்தக் கப்பும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லி என்றால் ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. வெளிநாட்டுச் செய்முறைகளைத் தழுவி எழுதுபவர்கள் எந்த நாட்டுக் கப் என்று பார்த்த பிறகே கிராமுக்கு மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் நிறுத்துத்தான் போட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. முழுக் கிராமை மட்டுமே காட்டும் வீட்டுத் தராசில் இரண்டு கிராம் சோடா உப்பை நிறுப்பதைவிடத் தேக்கரண்டியால் வழித்து எடுப்பதே நம்பகமானது. தண்ணீரையும் பாலையும் மில்லிக் கணக்கில் விட்டுவிடலாம். மாவு, சர்க்கரை, வெண்ணெய், கோகோ ஆகியவற்றுக்கு மட்டுமாவது கிராம் கணக்கைக் கொடுங்கள். அதையும் அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துப் பெருக்காமல், செய்முறை எழுதுபவர் சமைக்கும்போதே நிறுத்துக் குறித்துக்கொள்வது நல்லது. "127.5 கிராம்" போன்ற போலித் துல்லியமும் வேண்டாம், 130 என்று போட்டால் யாருடைய கேக்கும் கெடாது.

முதற்கண், அந்த அடிக்குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்