ஒரே சங்கம், இரண்டு குரூப்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசத்தையொட்டி வடலூர் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஏழு திரை, ஆறு கால ஜோதி தரிசனம், 1867-ல் மூட்டி இன்றும் அணையாத தருமசாலை அடுப்பு எல்லாம் வந்திருந்தது. வள்ளலார் வழியில் நடக்கும் எங்களைப் போன்ற சன்மார்க்கிகளுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்பது மட்டும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு சின்ன ஊர்ச் சங்கத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். மாதப் பூசத்தன்று நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு போடுவோம். யார் அரிசி, யார் காய் என்று வீடு வீடாகப் போன் போட்டு மாளாமல்தான் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். முதல் ஒரு வருடம் அதில் வந்ததெல்லாம் பூசணிக்காய், ரெண்டு சிப்பம் அரிசி, கேஸ் சிலிண்டர் இவ்வளவுதான்.

அப்புறம் ஒரு பூசத்தன்று காய் நறுக்குகிற படத்தை யாரோ போட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்களில் மூத்தவர். கையில் கத்தரிக்காய், நெற்றி நிறையத் திருநீறு. "சுத்த சன்மார்க்கத்தில் விபூதி எதற்கு ஐயா?" என்று ஒருவர் கேட்டார். விடியும்போது இருநூறு மெசேஜைத் தாண்டியிருந்தது. பெரியவரிடம் இருப்பது பட்டன் போன், அவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த பூசத்துக்கு வந்தவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து நறுக்க ஆரம்பித்தார். அதையும் ஒருவர் படம் எடுத்து, "வயதானவரை எப்படி அவமதிக்கிறார்கள் பாருங்கள்" என்று போட்டார். அன்றைக்கே குரூப் இரண்டாகிவிட்டது.

விஷயம் சில்லறை விஷயமில்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு தரப்புக்கும் வள்ளலாரிடமே இடம் இருக்கிறது. திருவருட்பாவின் முதல் ஐந்து திருமுறைகளில் சிவனையும் முருகனையும் பாடி உருகியவர் அவர். மேட்டுக்குப்பத்தில் 22.10.1873 அன்று கொடி கட்டிச் செய்த பேருபதேசத்தில், சைவம், வைணவம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம் என்றவரும் அவரே. சமயங்களைக் கடந்து அவர் பாடிய ஆறாம் திருமுறை 1885-ல்தான் அச்சாகி வந்தது. வடலூர் சத்திய ஞான சபையில் லிங்க வழிபாடு கூடாது என்று அறநிலையத்துறை 2006-ல் உத்தரவிட்டு, உயர் நீதிமன்றம் 2010-ல் அதை உறுதி செய்த பிறகும் மனத்தாங்கல் ஓயவில்லை. போதாக்குறைக்கு இப்போது சபையைச் சுற்றியுள்ள பெருவெளித் திடலில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டலாமா கூடாதா என்று இன்னொன்று. பார்வதிபுரத்து முன்னோர்கள் சபைக்குக் கொடுத்த நிலமாயிற்றே, யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

சண்டையும் நமக்குப் புதிதல்ல. வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பும் வள்ளலார் தரப்பும் கண்டனப் புத்தகங்களாக அடித்துத் தள்ளி, 1869-ல் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனார்கள். வசைக்கு அப்போதும் குறைவில்லை. ஆனால் மறுப்பு எழுத வேண்டுமென்றால் எதிராளியின் புத்தகத்தை முதலில் படித்தாக வேண்டும். பிறகு அச்சகம், காகிதம், காசு. அதற்குள் பாதிக் கோபம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது பேருபதேசத்தை முழுக்கப் படித்தவர்கள் எங்கள் குரூப்பில் எத்தனை பேர் என்று கேட்டால் நான் உட்பட நிறையப் பேர் தலை குனிய வேண்டும். வள்ளலார் படத்தின் கீழே யாரோ எழுதிய நாலு வரியைப் போட்டு 'வள்ளலார் வாக்கு' என்று அனுப்புகிறார்கள். எந்தத் திருமுறை, எந்தப் பதிகம் என்று கேட்டேன். என்னை ரிமூவ் செய்துவிட்டார்கள். (நான்கு நாள் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள், அரிசி என் பொறுப்பாக இருந்ததால்.)

இதே போன் நல்லதும் செய்திருக்கிறது. எங்கள் ஊரில் யாரிடமும் இல்லாத பழைய பதிப்புகளைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். மலேசியாவிலிருந்து ஒரு அன்பர் வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவல் முழுவதையும் பாடி அனுப்பினார், இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிரிந்தவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள். நம் சங்கத்தின் முழுப்பெயர் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம். ஒரு குரூப் 'சமரச'த்தை எடுத்துக்கொண்டது, இன்னொன்று 'சுத்த'த்தை எடுத்துக்கொண்டது. 'சத்திய'த்தை யாரும் கேட்கவில்லை.

முன்பெல்லாம் எங்களுக்குள் வாதம் நடக்காமல் இல்லை. சாம்பார் கொதிக்கிற நேரத்தில் காரசாரமாக நடக்கும். பந்தி போட்டதும் பரிமாற ஆள் வேண்டுமே, வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டிலில் படுத்தபடி தட்டச்சு செய்கிறவரை எழுப்ப எந்தப் பந்தியும் இல்லை.

போன பூசத்தன்று இரண்டு இடத்தில் சமைத்தோம், இரண்டு தெரு தள்ளி. எங்களிடம் நாற்பது சாப்பாடு மிஞ்சியது. அங்கே ஒரு மணிக்கே தீர்ந்துபோய் ஆட்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒருவரையொருவர் பிளாக் செய்து வைத்திருந்ததால் எங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரு வழியாக வந்த பெரியவர்தான் வந்து சொன்னார். சோற்றுக் குண்டானை டிவிஎஸ் 50-ல் வைத்துக் கட்டும்போது, "ரசத்தையும் வைங்கப்பா, அங்க ரசமும் இல்ல" என்றார்.

இப்படிக்கு,
ஒரு சன்மார்க்க அன்பர்,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.