கடக் சத்தம் வந்தால் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் செய்யப்படும் கைரோபிராக்டிக் முறைகளை, அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் பெரும்பாலும் கையால் அழுத்தித் தள்ளி அசைக்கும் முறைகளைப் பற்றி உங்கள் உடல்நலப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முறைகளின் பெயர்களில் எனக்குப் புகார் இல்லை. விலகியிருந்த எலும்பு கடக் என்ற சத்தத்தோடு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும் என்ற பொருளில் நடுவே ஒரு வரி வந்திருந்ததே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அதே நம்பிக்கையோடு போய்ப் படுத்தவன் நான், அதனால் சும்மா விட மனமில்லை.

குனிந்து எதையோ எடுக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. வீடியோக்களில் மைக் வைத்துக் காட்டுவார்களே, அந்த மாதிரி சடசடவென்று சத்தம் வரும், எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் அரைமணி நேரம் கேள்வியாகக் கேட்டார், அப்புறம் குப்புறப் படுக்க வைத்து, ஊசி போடும் சிரிஞ்சு மாதிரி இருந்த ஒரு சின்னக் கருவியால் டிக் டிக் என்று நாலைந்து இடங்களில் தட்டினார். முடிந்தது! நெட்டியே முறியவில்லையே என்று கேட்டுவிட்டேன், அவ்வளவு ஏமாற்றம். அதன் பெயர் ஆக்டிவேட்டர், உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, கையால் தள்ளுவதை விட வேகமாகவும் லேசாகவும் தட்டும், இதில் சத்தம் எதிர்பார்க்காதீர்கள் என்றார். அதன்பிறகுதான் இந்தச் சத்தம் என்னதான் என்று தேடிப் படித்தேன்.

மூட்டுக்குள் வழவழப்பான ஒரு திரவம் இருக்கிறது, அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரண்டு பக்கமும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குழி உண்டாகிறது, சத்தம் அப்போது வருவதுதான். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரலை இழுத்துச் சொடக்கு வரவைத்து, அந்த நேரத்திலேயே எம்.ஆர்.ஐ. படம் பிடித்து இதைக் காட்டினார்கள். சொடக்கு எடுத்த விரலில் உடனே இன்னொரு சொடக்கு வராது, சுமார் 20 நிமிடம் ஆகும், நீங்களே செய்து பார்க்கலாம். விரலில் சொடக்கு விழுந்ததும் ஆகா, விலகியிருந்த விரல் சேர்ந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. முதுகுக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

இந்த எண்ணத்தின் வேர் பழையது. 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கியபோது, முள்ளெலும்பு விலகி நரம்பை அழுத்துவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்று நம்பினார். அதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. ஆனாலும் கையால் செய்யும் அந்த வேலையில் இடுப்புவலிக்குக் கொஞ்சம் பலன் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்புவலிக்கு முதலில் மாத்திரையில்லாத வழிகளைப் பாருங்கள் என்று சொல்லி, சூட்டு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர் இவற்றோடு முதுகெலும்பைக் கையால் அசைப்பதையும் சேர்த்திருக்கிறார்கள், சான்று வலுவானதல்ல என்ற குறிப்போடு. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-இல் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும் என்றது. அந்தப் பாதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், உங்கள் கட்டுரையும் விட்டுவிட்டது.

இன்னொன்று. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, தோளைப் பிடித்துக்கொண்டு இடுப்பில் சட்டென்று ஒரு தள்ளு தள்ளுகிறார்களே, டைவர்சிஃபைட் என்கிற அதுதான் அதிகம் செய்யப்படுவது, வீடியோவில் வருவதும் பெரும்பாலும் அதுதான். ஆனால் அது ஒன்றே வழியல்ல. தாம்ப்சன் முறையில் மேசையின் ஒரு பகுதி கொஞ்சம் உயர்ந்து நின்று, அழுத்தும்போது டொக்கென்று கீழே இறங்கும் (அந்தச் சத்தம் மேசையுடையது, உங்கள் எலும்புடையதல்ல). டிஸ்க் பிரச்சினையும் காலுக்கு இறங்கும் வலியும் உள்ளவர்களுக்கு நடுவில் மடங்கும் மேசையில் படுக்க வைத்து மெதுவாக இழுத்து இழுத்து விடுவார்கள், அதில் சட்டென்று தள்ளும் வேலையே கிடையாது. தோள், முழங்கால் மூட்டுகளையும் மெல்ல அசைத்துக் கொடுப்பார்கள், இறுக்கம் சற்றுக் குறையலாம். ஆனால் தேய்ந்துபோன குருத்தெலும்பு இதனால் திரும்ப வளராது, யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது அடுத்த இடத்தில். சத்தம் வரவைக்கும் ஆளிடமே போவோம் என்று போனேன், என் புத்தி அப்படி. ஒரு கேள்வி இல்லை, படுத்ததும் நேராகக் கழுத்தில் கை வைத்தார். வந்தது இடுப்புவலிக்கு, கழுத்துக்கு என்ன வேலை என்று எழுந்துவிட்டேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. கழுத்தைச் சட்டென்று திருப்பிய பிறகு அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் வந்தால் சின்ன விஷயமல்ல. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, படம் மட்டும் கழுத்தைத் திருப்பும் படம்!

முதலில் பார்த்தவர் அந்த அரைமணி நேரத்தில் என்ன கேட்டார் என்பது இப்போதுதான் புரிகிறது. எலும்பு அடர்த்தி குறைவா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கீழே விழுந்தீர்களா, புற்றுநோய் வந்ததுண்டா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைகிறதா, கால் மரத்துப்போகிறதா என்றெல்லாம் கேட்டார். சிறுநீர் அடக்க முடியவில்லை, அல்லது உட்காரும் இடமே மரத்துப்போகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்னிடம் வரக்கூடாது என்றும் சொன்னார்.

என் வலி மூன்று வாரத்தில் போய்விட்டது. தட்டியதாலா, அவர் சொன்னபடி தினமும் நடந்ததாலா, தானாகவே போனதா, சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்ட வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவும் குறையும். அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள், கூடவே இந்தக் கேள்விகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
இடுப்பு பிடித்து மீண்ட ஒரு வாசகன்