மாமாவுக்கு, அன்று பாதியில் நின்ற பேச்சைப் பற்றி

அன்புள்ள மாமா,

அன்றைக்கு உங்களிடம் கேட்டேன்: "கருவைக் கலைக்கக் கூடாது என்கிறீர்கள், கொலைகாரனைத் தூக்கில் போடு என்றும் சொல்கிறீர்கள். இது என்ன நியாயம்?" நீங்கள் பதில் சொல்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. உங்களை மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் யோசித்த பிறகு, கேள்வியையே தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. இதைப் பொதுவில் எழுதட்டுமா என்றபோது, "எழுது, ஆனா என் பக்கத்தையும் ஒழுங்கா எழுது" என்றீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. கரு யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை, கொலைகாரன் செய்திருக்கிறான். இரண்டு பேரையும் வேறு வேறாக நடத்துவதில் என்ன தப்பு? "எந்த உயிரையும் மனிதன் எடுக்கக் கூடாது" என்று நீங்கள் சொல்லியிருந்தால் என் கேள்விக்கு வலு இருந்திருக்கும். அப்படிச் சொல்பவர்களும் உண்டு. கத்தோலிக்கக் கர்தினால் ஜோசப் பெர்னார்டின் 1983-ல் கருக்கலைப்பு, மரண தண்டனை, அணு ஆயுதம் எல்லாவற்றையும் ஒரே உயிர் அறத்தின் கீழ் வைத்துப் பேசினார். 2018-ல் போப் பிரான்சிஸ், மரண தண்டனையை ஏற்கவே முடியாது என்று திருச்சபையின் போதனையைத் திருத்தினார். ஆனால் நீங்கள் சொன்னது "குற்றமற்ற உயிர்". அந்தச் சொல்லை விட்டு நகராமல் ஒரு வழக்கைப் பாருங்கள்.

1949, லண்டன். திமோதி எவன்ஸ் என்ற எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர். அவர் மனைவி பெரில் இரண்டாவது முறை கர்ப்பமானார். கையில் ஒரு வயதுக் குழந்தை, பணத்துக்குத் தவிப்பு, பிள்ளையைப் பெற்றுக்கொள்ளும் நிலையில் பெரில் இல்லை. கருக்கலைப்பு அப்போது அங்கே குற்றம். கீழ்வீட்டில் இருந்த ஜான் கிறிஸ்டி, தனக்கு அந்த வேலை தெரியும் என்று முன்வந்ததாக எவன்ஸ் பிறகு போலீஸில் சொன்னார். பெரிலும் குழந்தையும் கொலையாகிக் கிடந்தார்கள். எவன்ஸ் முன்னுக்குப்பின் முரணாகப் பேசியதால் அவரை யாரும் நம்பவில்லை. குழந்தையைக் கொன்றதாக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி அதே கிறிஸ்டிதான். போர்க்காலத்தில் போலீஸில் இருந்தவர், அவர் பேச்சு எடுபட்டது. 1950 மார்ச்சில் எவன்ஸைத் தூக்கில் போட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து அந்த வீட்டில் வரிசையாகப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. பெரிலையும் தான்தான் கொன்றதாகக் கிறிஸ்டி ஒப்புக்கொண்டார். எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வந்தது 1966-ல். அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

உங்கள் சொல்லின்படியே பார்த்தாலும் எவன்ஸ் குற்றமற்ற உயிர்தான், மாமா. இது ஏதோ பழைய காலத்துத் தவறு என்றும் தள்ள முடியவில்லை. அமெரிக்காவில் மரண தண்டனை பெற்று, பிறகு விடுவிக்கப்பட்டவர்கள் 1973-க்குப் பிறகு மட்டும் 190 பேருக்கு மேல். இவர்கள் கயிற்றுக்கு முன்னாலேயே பிடிபட்ட தவறுகள். "எப்போதாவது நடக்கும், அதற்காகச் சட்டத்தையே விடுவதா?" என்று கேட்பீர்கள். கருவின் விஷயத்தில் இந்த "எப்போதாவது" என்ற சொல்லை நீங்கள் யாருக்கும் அனுமதிப்பதில்லையே! அங்கே ஒன்றுகூடப் போகக் கூடாது என்கிறீர்கள். இங்கே மட்டும் எத்தனை போகலாம்? அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

இப்போது என் பக்கம். தூக்கு வேண்டாம் என்பதற்கு நான் சொன்ன காரணம், "உயிர் உயிர்தான்". அப்படியானால் கரு என்ன என்று நீங்கள் திருப்பிக் கேட்டிருந்தால் எனக்கு வாய் அடைத்திருக்கும். அது ஒன்றுமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. முதல் வாரங்களில் இருக்கும் கருவை ஒரு ஆளாக நான் நினைக்கவில்லை. ஏழாம் மாதத்தில் இருப்பதை ஆள் இல்லை என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆக, அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

என் உண்மையான காரணம் வேறு. ஒரு பெண்ணின் உடம்பைப் பிடித்து, ஒன்பது மாதம் நீ சுமந்தே ஆக வேண்டும் என்று அரசு கட்டளையிட முடியாது என்று நினைக்கிறேன். கைகால் கட்டி நிற்கிற, இனி யாரையும் தொட முடியாத ஒரு கைதியை அரசு கொல்ல முடியாது என்றும் நினைக்கிறேன். இரண்டிலும் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: மனித உடம்பின் மேல் அரசு எடுத்துக்கொள்ளும் கடைசி அதிகாரம். இதற்கும் நான் விலை கொடுக்க வேண்டும். வெளியே எடுத்தால் பிழைக்கக்கூடிய பிள்ளை என்றால், தாயின் சுமையை இறக்கலாம் என்று மட்டுமே என் காரணம் சொல்கிறது, பிள்ளையைக் கொல்லலாம் என்று சொல்லவில்லை. ஆகவே கடைசி மாதங்களில், தாயின் உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, சட்டம் ஒரு எல்லை வைப்பதை ஏற்கிறேன். அன்றைக்கு நீங்கள் கேட்டிருந்தால் கோபத்தில் மறுத்திருப்பேன்.

பெரிலின் நாட்டில் 1965-ல் கொலைக்குத் தூக்கு நின்றது. 1967-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. அந்த இரண்டில் எது முன்னாலேயே இருந்திருந்தாலும் அந்த வீட்டின் கதை மாறியிருக்கலாம். இரண்டாவது சட்டத்தை நீங்கள் ஏற்க மாட்டீர்கள், தெரியும். முதல் சட்டத்தைப் பற்றி மட்டும், எவன்ஸை மனதில் வைத்துக்கொண்டு, என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இந்த முறை நீங்கள் முடிக்கும்வரை கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்