தலைக்கு மேல் கண்ணாடி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சொகுசு வீடுகளின் நடைகளையும் மாடிப்படிகளையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல், மரம், சுண்ணாம்பு என்று எழுதியிருப்பதெல்லாம் சரி. ஆனால் படத்துக்குப் படம் மாடிப்படிக்கு நேர் மேலே கூரையில் கண்ணாடி போட்டிருக்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

ஐரோப்பாவில் வெயில் சாய்வாக விழும். கூரைக் கண்ணாடி அங்கே வரம். சென்னையிலோ ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை ஒட்டி, சற்று வடக்கே நிற்கிறது. கத்திரி வெயில் அப்படியே படிகளில் இறங்கும். மேலேறும் சூடு போக வழியில்லாமல் அடைந்து கிடக்கும். மாடி அறைகளில் ஏசி ஓயாது. லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட கண்ணாடியின் மேல் கடைசியில் பச்சை வலை கட்டிய வீடுகளும் உண்டு.

செட்டிநாட்டு முற்றமும் மேலே திறந்ததுதானே என்பீர்கள். அது உண்மையிலேயே திறந்தது, சூடு வெளியே போய்விடும். தவிர, ஆட்கள் நடமாடுவது முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், சாய்ந்த ஓட்டுக்கூரையின் நிழலில். வெளிச்சம் முற்றத்துத் தரையில் பட்டுத் தணிந்த பிறகே தூண்களுக்கிடையே உள்ளே வருகிறது. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் (சந்தில்) இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா சிறு வீடுகள் நான்கை இணைத்துத் தனக்கு அமைத்துக்கொண்ட வீட்டிலும் இதே சூட்சுமம்தான். நீண்ட வெள்ளை நடை, தலைக்கு மேல் கூரை, ஆங்காங்கே வெளிச்சத்துக்குச் சிறு முற்றங்கள். அங்கே நிற்கும் பழைய தூண்களில் சில செட்டிநாட்டிலிருந்து போனவை!

(மாடிப்படிக்கு மட்டும் செட்டிநாட்டைப் பார்க்க வேண்டாம். பெரும்பாலும் மூலையில் ஒடுங்கி, செங்குத்தாக, இருட்டாக இருக்கும்.)

படிக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். படி திரும்பும் லேண்டிங் சுவரில் உயரமான ஜன்னலோ, துளைகள் விட்ட ஜாளியோ வைத்து, உச்சியில் சூடு வெளியேற வென்டிலேட்டர் விட்டால் போதும். வடக்குச் சுவர் என்றாலும் சன்ஷேடு வேண்டும். காரணம் மேலே சொன்ன அதே சூரியன்.

அப்புறம், பொருள். கண்ணாடிபோல் மினுக்கிய கிரானைட்டைப் படியில் போட்டால், மழை நாளில் ஈரக்காலோடு ஏறுபவர் பாடு திண்டாட்டம். அதே கல்லை மினுக்காத, சற்றுச் சொரசொரப்பான லெதர் ஃபினிஷில் வாங்கலாம், முனையில் வரி வெட்டச் சொல்லலாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாத சிமென்ட் ஓடு. படியின் விளிம்பில் போட்டால் முனை பெயரும். அதைப் படியின் செங்குத்தான முகப்பில் (ரைசரில்) பதித்து, மிதிக்கும் இடத்தில் தேக்கோ கருங்கல்லோ வைப்பதுதான் நல்லது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்குப் படி உயரம் 19 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, மிதி 25 செ.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது. அது கடைசி எல்லை. கோடிகளில் கட்டுபவர்கள் உயரம் 15 செ.மீ., மிதி 30 செ.மீ. என்று வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் மூச்சு வாங்காமல் ஏறுவார்கள்.

ஒரு வேண்டுகோள். இனி இப்படிப் படங்கள் போடும்போது வீடு எந்த ஊர், எந்தத் திசை பார்த்தது, படி எந்தப் பக்கம் என்று காட்டும் சின்ன வரைபடம் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். படத்தைக் கத்தரித்துக்கொண்டு மேஸ்திரியிடம் நீட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கட்டடத் தொழிலில் இருக்கும் ஒரு வாசகர்,
காரைக்குடி