பழைய வாட்ச்சுக்குப் புது டயல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய சாவி கொடுக்கும் வாட்ச்சுகளை இளைஞர்கள் ஆன்லைனில் தேடிப் பிடித்து வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதுரையில் 38 வருஷமாக வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏமாறும் இடத்தைக் கட்டுரை சொல்லவில்லை.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் அரசு கம்பெனியான எச்.எம்.டி.யின் 'பைலட்' மாடல் வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆரஞ்சு நிற டயல், பளபளவென்று இருந்தது. 'விற்காமல் கிடந்த பழைய ஸ்டாக், கை படாதது' என்று நம்பி 3,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். இரண்டே நாளில் நின்றுவிட்டது. கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தேன். முள் பொருந்தும் நடு ஓட்டையின் விளிம்பில் பெயின்ட் தடித்திருந்தது. அது உரிந்த இடத்தில் உள்ளே வெள்ளை தெரிந்தது. அதே கம்பெனியின் 'ஜனதா' மாடல் ஒன்றின் வெள்ளை டயலுக்கு ஆரஞ்சு அடித்து பைலட் என்று எழுதியிருக்கிறார்கள். மெஷினுக்குள் எத்தனை சின்னக் கற்கள் என்று சொல்லும் '17 ஜூவல்ஸ்' என்ற எழுத்து லென்ஸில் மை ஊறினாற்போல் பிசிறடித்தது. நிமிஷக் கோடுகளும் சம இடைவெளியில் இல்லை. மெஷின் மட்டும் அசல், ஆனால் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டதும் ஓடியது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. வாட்ச் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அந்தப் பழைய மாடல்களுக்கு அசல் டயலோ, கேஸ் என்கிற வெளிக்கூடோ கிடைப்பது கஷ்டம். ஒன்றின் மெஷின், இன்னொன்றின் கேஸ், வேறொன்றின் முள் என்று சேர்த்து ஒரு வாட்ச் ஆக்குகிறார்கள். ரிப்பேருக்காக அப்படிச் செய்வது குற்றமில்லை, நானும் செய்கிறேன். அதைச் சொல்லாமல் அசல் என்று விற்பதுதான் அநியாயம்.

வாங்குகிறவர்கள் பின்மூடியைத் திறந்து எடுத்த போட்டோவைக் கேளுங்கள். அதைத் தர மறுத்தால் அந்த வாட்ச்சை விட்டுவிடுங்கள். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால் தெரியாத கை பட்டிருக்கிறது. சாவி கொடுக்கும் திருகின் தண்டுப் பக்கம் செம்பழுப்பாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, வாங்காதீர்கள். அப்புறம், எண்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு பழுத்துப்போய், முள்ளில் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தால் இரண்டில் ஒன்று மாற்றியது. வாட்ச் ஓடும் வீடியோவை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணெய் காய்ந்த வாட்ச்சும் நாலு குலுக்குக் குலுக்கினால் கொஞ்ச நேரம் ஓடும். முழுச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாளாவது ஓடுகிறதா, 24 மணி நேரத்தில் எவ்வளவு முன்னே பின்னே போகிறது என்று கேளுங்கள். 'கை படாத பழைய ஸ்டாக்' என்பது நிஜமாகவே இருந்தாலும் சர்வீஸ் செலவைச் சேர்த்தே கணக்கு போடுங்கள். யாரும் கட்டாமல் டப்பாவிலேயே கிடந்தாலும் எண்ணெய் காயும்.

விற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சில வாரங்களுக்கு முன்னால் ஒரு அம்மா, காலமான தன் கணவரின் ஜனதாவோடு பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். டயல் பழைய பத்திரக் காகிதம் போல் மஞ்சளாகியிருந்தது, மூன்று மணிப் பக்கம் ஒரு புள்ளிக் கறை. விற்பதற்கு முன்னால் புதுசாகப் பெயின்ட் அடித்து, கேஸையும் பாலிஷ் போட்டுத் தரச் சொன்னார் பேரன். "தம்பி, இதைத் தொட்டீங்கன்னா பாதி விலை போயிடும்" என்றேன். நம்பவில்லை. லென்ஸைக் கொடுத்து, ஸ்ட்ராப் மாட்டும் முனைகளில் கூர் இன்னும் மழுங்காமல் இருப்பதைப் பார்க்கச் சொன்னேன். பாலிஷ் மெஷினில் ஒருமுறை பிடித்தால் அந்தக் கூர் போய்விடும், திரும்ப வராது. மஞ்சளாகிப்போன அந்த டயலை விவரம் தெரிந்தவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். சர்வீஸ் மட்டும் செய்து கொடுத்தேன். அந்த அம்மா வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, விற்க வேண்டாம் என்று சொல்லி எடுத்துப் போனார்.

விற்பனை விளம்பரத்தில் 'டயல் மறுபடி பெயின்ட் செய்தது' என்ற ஒரு வரியைக் கட்டாயமாக்கும்படி ஆன்லைன் விற்பனைத் தளங்களை உங்கள் பத்திரிகை வலியுறுத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாட்ச் ரிப்பேர் கடைக்காரர்,
மதுரை.