நான்கு முறை ஊசி, மூன்று பை

வணக்கம்.

மூன்றாவது பை ஏறி இரண்டு மாதம் ஆகிறது. இந்த நன்றியை அப்போதே எழுதியிருக்க வேண்டும். தாமதத்துக்கு நோய் காரணமில்லை, சோம்பல்தான்.

எனக்கு வந்தது புராஸ்டேட் புற்றுநோய். எலும்பு வரை போய், ஹார்மோன் சிகிச்சைக்கும் அடங்காத கட்டம். எனக்குக் கொடுத்தது சிபுலூசெல்-டி: என் வெள்ளணுக்களையே எடுத்து, புற்றை எதிர்க்கப் பழக்கி, பையில் திருப்பி ஏற்றும் சிகிச்சை. அதைப் பற்றிப் பேச்செடுத்த அன்றே டாக்டர் சொல்லிவிட்டார்: "பிஎஸ்ஏ குறையும்னு எதிர்பார்க்காதீங்க. ஆயுள் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான்." பிஎஸ்ஏ என்பது இந்தப் புற்றின் போக்கைக் காட்டும் ரத்தச் சோதனை அளவு. ஆயுள் எவ்வளவு கூடும் என்று கேட்டேன். 512 பேரிடம் நடந்த ஆய்வில் உயிரோடிருந்த காலத்தின் நடுமதிப்பு, பழக்கிய செல் ஏறாதவர்களுக்கு 21.7 மாதம், ஏறியவர்களுக்கு 25.8 என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். நாலு மாதம். கூட்டிச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். சொல்லாததற்கு நன்றி, டாக்டர்.

அடுத்து, வெள்ளணு பிரிக்கும் பிரிவில் இருக்கும் சிஸ்டருக்கு. இரண்டு கையிலும் ஊசி. ஒரு கை வழியே ரத்தம் போகும், மெஷின் வெள்ளணுக்களை எடுத்துக்கொள்ளும், மீதி மறு கை வழியே திரும்பும். மூன்று மணி நேரத்துக்கும் மேல் முழங்கையை மடக்கக் கூடாது. அப்போது பார்த்துத்தானா மூக்கு அரிக்க வேண்டும்? கேட்கக் கூச்சப்பட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் பேசாமல் பஞ்சால் தேய்த்துவிட்டுப் போனீர்கள். உதட்டில் எறும்பு ஊர்வதுபோல் ஆனபோது, ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது என்று சொல்லி மாத்திரை தந்ததும் நீங்கள்தான்.

ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களை நான் பார்த்ததே இல்லை. என் செல்களுக்குப் புற்றின் புரதத்தைக் காட்டி, "இவன்தான், விடாதே" என்று பழக்கி அனுப்பியவர்கள் அவர்கள். இரண்டாவது முறை எடுத்தது தரச் சோதனையில் தேறவில்லை, ஏற்ற முடியாது என்று போன் வந்தது. பேசிய பெண்ணிடம் கத்திவிட்டேன். தேறாததை என் உடம்பில் ஏற்றாமல் தடுத்தவர்களிடம் கத்தியிருக்கிறேன் என்பது மறுபடி மெஷினில் படுத்திருந்தபோதுதான் உறைத்தது. மன்னியுங்கள் அம்மா. பையைக் கொண்டுவந்த டிரைவர் தம்பிக்கும் நன்றி. 18 மணி நேரம்தான் அதற்கு ஆயுசு. கையெழுத்து வாங்கும்வரை நீங்கள் உட்காரக்கூட இல்லை.

ரால்ஃப் ஸ்டெயின்மேனுக்கு நன்றி சொல்ல வழியில்லை. கோன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1973-ல் டென்ட்ரிடிக் செல்லைக் கண்டு சொன்னவர். எதிரி யார் என்று மற்ற வெள்ளணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் செல் அது; என் சிகிச்சையின் வேர் அங்கேதான். தனக்கே கணையப் புற்று வந்தபோது தன் செல்களாலேயே தடுப்பூசி செய்து போட்டுப் பார்த்தார். நான்கு ஆண்டுக்கு மேல் இருந்தார். அதற்குத் தடுப்பூசிதான் காரணமா என்று ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 30-ல் போனார், அக்டோபர் 3-ல் நோபல் அறிவித்தார்கள்.

அதைவிட என் மனசில் நிற்பது அந்த 512 பேரில் 171 பேர். என்னைப்போலவே கையை நீட்டிப் படுத்திருந்தவர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்களுக்கு ஏறியது பழக்காத செல். எந்தப் பை தனக்கு வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் இல்லாமல் டாக்டர் எழுதிக் காட்டிய அந்த 21.7 ஏது? அவர்கள் வீட்டார் யாராவது இதைப் படித்தால், என் கும்பிடு.

அடுத்த வாரம் பிஎஸ்ஏ பார்க்கிறார்கள். குறைந்திருக்காது என்று தெரியும். அப்படியே மேல்மாடிக்குப் போய் சிஸ்டரைப் பார்த்துவிட்டு வருவேன்.